‘முழு வகை மாதிரி’ என்றொரு பிழை

புதிய தரை வண்டு ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள் என்று தமிழில் செய்தி வந்தால் கடைசி வரியை வாசிக்காமலே சொல்லிவிடலாம். ‘இதன் முழு வகை மாதிரி கொல்கத்தாவில் பாதுகாக்கப்படுகிறது.’ இதில் கொல்கத்தா சரி, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ‘முழு’ தப்பு, ‘வகை’ தப்பு, ‘மாதிரி’ மகா தப்பு.

மூலச்சொல் ஹோலோடைப். கிரேக்கத்தில் ஹோலோஸ் என்றால் முழுமை. டூப்போஸ் என்றால் அடி. அடித்ததால் விழும் தடம். அதிலிருந்து முத்திரை, அச்சு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் இது. பிறப்புக் கதை அவ்வளவுதான். அகராதியில் இவ்வளவைப் பார்த்துவிட்டு, முழு என்றும் வகை என்றும் இரு பக்கமும் போட்டு ஒட்டிவிட்டால் கலைச்சொல் ஆகிவிடும் என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

ஹோலோடைப் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விலங்கியல் பெயரிடலுக்கென்று அனைத்துலக விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. ஒரு சிற்றினத்துக்குப் புதுப்பெயர் வைக்கிறவர், அந்தப் பெயர் எந்த உடலின் மேல் நிற்கிறது என்பதைக் கட்டுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லி, அது எந்தத் தொகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது அல்லது வைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும் என்கிறது அது. பெயர் நிற்கும் அந்த ஒற்றை உடல்தான் ஹோலோடைப். 200 ஆண்டு கழித்து இரண்டு பேருக்குள் ‘இந்தப் பெயர் எந்த வண்டுக்கு உரியது’ என்று வழக்கு வந்தால், கட்டுரையில் எழுதிய வருணனையைவிட, படத்தைவிட, ஊசியில் குத்தி வைத்த அந்த ஒரு வண்டுதான் கடைசி வார்த்தை.

இதைப் போய் ‘மாதிரி’ என்கிறோம்.

காவிரிப் படுகையில் மாதிரி என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் குவியலிலிருந்து ஒரு கை நெல் எடுத்து ஈரப்பதமானியில் போடுகிறார்களே, அது மாதிரி. 17 சதவீதத்துக்குள் இருந்தால் குவியல் முழுதும் 17க்குள் என்று கொள்கிறார்கள். அதாவது குவியலின் குணம் கைப்பிடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி சரியாக எடுக்கவில்லை என்று பொருள். கைப்பிடி சிந்திப் போனால் இன்னொரு கைப்பிடி. மண் மாதிரியும் அப்படித்தான்: வயலில் பல இடத்தில் வெட்டியெடுத்துக் கலந்து அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்புகிறோம், தொலைந்தால் மறுபடியும் மண்வெட்டி.

ஹோலோடைப் இந்த இரண்டு இலக்கணத்துக்குள்ளும் வராது. ஒன்று, அது தன் சிற்றினத்தின் சராசரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருக்கிற வண்டுகளிலேயே குட்டையானதாக இருக்கலாம். பின்னால் ஆயிரம் வண்டு கிடைத்து, முதல் வண்டுதான் விதிவிலக்கு என்று தெரிந்தாலும் அதன் பதவி போகாது. இரண்டு, தொலைந்தால் இன்னொரு கைப்பிடி அள்ள முடியாது. 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சித் தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலானது. அங்கிருந்த ஹோலோடைப்களுக்குப் பதிலாக அதே காட்டுக்குப் போய் அதே வண்டைப் பிடித்து வந்து அந்த இடத்தில் வைத்துவிட முடியாது. பெயரில் உண்மையான குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்க்க வேறு வழியில்லை என்று காரணம் காட்டி, கூடுமானவரை முதல் வண்டு கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்தே எடுத்து, புதிதாக ஒன்றை நியமித்து அச்சிட வேண்டும். அதற்கு நியோடைப் என்று வேறு பெயர்.

மாதிரியைவிட இதற்கு நெருக்கமான பொருள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. ஆடவல்லான் என்னும் மரக்கால். ராஜகேசரி என்ற அளவுக்கு ஒக்கும் என்று சொல்லி, நெல் கணக்கையெல்லாம் அந்த மரக்காலால் அளந்து எழுதியிருக்கிறார்கள். பொன்னுக்கும் ஆடவல்லான் என்ற பெயரிலேயே எடைக்கல். ஆடவல்லான் நெல்லுக்கு மாதிரி இல்லை; மற்ற மரக்கால்களின் சராசரியும் இல்லை. சந்தேகம் வந்தால் எதனோடு வைத்து ஒப்பிட வேண்டுமோ அது. ஹோலோடைப்பின் வேலை இந்தப் பக்கம் இருக்கிறது, கொள்முதல் நிலையத்தின் பக்கம் இல்லை.

பெயர் உடலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பொருளைப் பிடித்துக்கொண்டு இல்லை என்பதற்கு நம் தரங்கம்பாடியே சாட்சி. 18ஆம் நூற்றாண்டில் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த இந்தத் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் பூச்சிகள் பெட்டி பெட்டியாகப் போயின. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸின் மாணவர் கோனிக் அனுப்பினார். டால்டார்ஃப் என்ற படை அதிகாரி அனுப்பினார் (1791இல் பனையில் மீன் ஏறியதைக் கண்டதாக எழுதிய அதே ஆள்). டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் அவற்றுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். அந்தப் புகழில் ஒரு விபத்தும் நடந்தது. 1806இல் ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் ஒரு புலி வண்டுக்கு சிசிண்டெலா டிராங்குபாரிகா என்று பெயரிட்டார். தரங்கம்பாடியிலிருந்து வந்தது என்று நம்பி வைத்த பெயர். அந்த வண்டோ வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மணல் தரையில் சாதாரணமாக ஓடித் திரிவது. தரங்கம்பாடி மணலை அது மிதித்ததே இல்லை. ஆனாலும் பெயர் இன்றுவரை அதுதான். பெயரின் பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரைத் தள்ளக் கூடாது என்று விதி 18 சொல்கிறது. (புலி வண்டுகளைத் தரை வண்டுக் குடும்பத்துக்குள் வைப்பாரும் உண்டு, தனிக் குடும்பமாகப் பிரிப்பாரும் உண்டு. அது வேறு சண்டை.)

இனி ‘வகை’. டைப் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தெருவில் என்ன பொருளோ அதை அப்படியே இறக்கிவிட்டோம். நெல்லில் வகை, மீனில் வகை, அதே சொல்லை இங்கேயும் போட்டால் ‘வகை மாதிரி’ என்பது ‘அந்த வகைக்கு ஒரு மாதிரி’ என்றுதான் காதில் விழும். ஒதுக்க வேண்டிய பொருளையே மொழிபெயர்ப்பு உள்ளே அழைத்து வந்து உட்கார வைக்கிறது. போதாததற்குச் செய்திகளில் சிற்றினத்துக்கும் ‘புதிய வகை வண்டு’, சிற்றினத்துக்குக் கீழே வரும் வேறுபாட்டுக்கும் ‘வகை’. பாடப்புத்தகத்தில் பேரினம், சிற்றினம் என்று நல்ல சொற்கள் ஊன்றி நிற்கும்போது இந்தச் சோம்பல் எதற்கு?

கிரேக்கத்துக்கு நேராகப் போய் ‘அச்சுரு’ என்று ஆக்கலாம் என்றொரு வாதம் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சு என்றால் அதிலிருந்து மற்றவை வார்க்கப்படும். ஒரு வண்டின் அச்சில் இன்னொரு வண்டு வார்க்கப்படுவதில்லை. வேறுபாடு இல்லாத சிற்றினம் உலகில் இல்லை. பழைய கிரேக்கச் சொல்லில் இருந்த ஓட்டையைத் தூய தமிழில் அடைத்துக் கொடுப்பதால் ஓட்டை நல்ல ஓட்டை ஆகிவிடாது.

‘முழு’ செய்யும் கெடுதல் இன்னும் நேரடியானது. முழு மாதிரி என்று படிக்கிற மாணவர், கால் கை உணர்கொம்பு எல்லாம் அப்படியே இருக்கிற உடலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துவிடுவார். தரை வண்டு வேலையில் நடப்பதோ நேர் எதிர். பல பேரினங்களில் வெளித்தோற்றம் போதாது. ஆண் வண்டின் இனப்புணர்ச்சிக் குழலைப் பார்க்காமல் இரண்டு சிற்றினங்களைப் பிரிக்க முடியாது. அதனால்தான் கூடுமானவரை ஆண் வண்டையே ஹோலோடைப் ஆக்குகிறார்கள். காய்ந்த வண்டை வெந்நீரில் போட்டு இளக்கி, வயிற்றின் பின்முனை வழியாக வளைத்த நுண்ணூசியை விட்டுக் குழலை வெளியே இழுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தசை கரையும்வரை வைக்க வேண்டும். கரைசலில் மறந்துவிட்டால் உள்ளே சுருண்டிருக்கும் மெல்லிய பையும் போய்விடும். பல சமயம் அந்தப் பையின் முட்களில்தான் வேறுபாடே இருக்கும். பிறகு தண்ணீரில் நன்கு கழுவி, கிளிசரின் நிரப்பிய மிகச் சிறிய குப்பியில் இட்டு, அந்தக் குப்பியையும் வண்டு இருக்கும் அதே ஊசியில் குத்தி வைக்க வேண்டும். மரபணு ஆய்வுக்கு ஒரு காலையும் கழற்றியிருக்கலாம். ஆக, நல்ல ஹோலோடைப் என்பது பெரும்பாலும் அறுக்கப்பட்ட, கால் குறைந்த, வயிறு திறந்த வண்டு. முழு என்ற சொல் இதில் எங்கே ஒட்டும்?

முழுசாக இருப்பதைத் தேடுவதைவிட முற்றியதைத் தேடுவது அவசியம். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறி, மெத்தென்று, முன்சிறகு சற்றே சுருங்கி இருக்கும். அந்த வெளிறலை நிறவேறுபாடு என்று நினைத்துப் புதுச் சிற்றினம் எழுதினால் பின்னால் வருகிறவர் அதைப் பழைய பெயருக்குள் மடித்துப் போட வேண்டிவரும். பிடிக்கும் முறையும் காட்டிக்கொடுக்கும். ஓடிவரும் வண்டு விழுவதற்காக வரப்பில் விளிம்பு மண்ணோடு சமமாக இருக்கும்படி டம்ளரைப் புதைத்து ஃபார்மலின் ஊற்றினால் உடல் விறைத்துக் குழல் வெளியே வராது. சாராயம் ஊற்றினால் டெல்டா வெயிலில் ஆவியாகிப்போகும். கூரை போடாவிட்டால் ஐப்பசி மழை டம்ளரை நிரப்பி வண்டை மிதக்கவிட்டுவிடும்.

சரி, என்ன சொல் வைப்பது? விதித்தொகுப்பே வழி காட்டுகிறது. டைப் என்று மட்டும் விடாமல், பெயரைத் தாங்கும் டைப் என்று அடைமொழி போட்டுத்தான் அது பேசுகிறது. இதை அப்படியே ‘பெயர்தாங்கி’ என்று ஆக்கலாமே என்றால், அங்கே தமிழ் குறுக்கே நிற்கிறது. நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கம் பெயர்தாங்கி என்றால் பெயருக்கு மட்டும் இருக்கிறவர், உள்ளே சரக்கில்லாதவர் என்று பொருள். சொல்லை உண்டாக்குகிறவர் ஊரில் அந்தச் சொல் ஏற்கெனவே என்ன வேலை செய்கிறது என்று விசாரிக்காமல் விடக் கூடாது.

அதனால் ‘பெயர்ச்சான்று’. பெயருக்குச் சான்றாக நிற்பது. கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. ஹோலோடைப் தனிப் பெயர்ச்சான்று. பழைய ஆசிரியர்கள் ஒன்றைக் குறிக்காமல் விட்டுப்போன பல உடல்கள், அதாவது சின்டைப், கூட்டுப் பெயர்ச்சான்று. அந்தக் கூட்டத்திலிருந்து பின்னால் வந்தவர் பொறுக்கி நிறுத்தும் லெக்டோடைப், தேர்ந்த பெயர்ச்சான்று. நியோடைப், மாற்றுப் பெயர்ச்சான்று.

பாராடைப்பில்தான் சொல்லின் சோதனை இருக்கிறது. பாராடைப் என்பது பெயர் வைத்தவர் ஹோலோடைப்போடு சேர்த்துப் பார்த்த மற்ற உடல்கள். அவற்றுக்குப் பெயரைத் தாங்கும் உரிமை இல்லை. ‘துணை வகை மாதிரி’ என்று எழுதுகிறபோது ஏதோ உதவித் தலைமையாசிரியர் போல, தலைவர் போனால் பதவிக்கு வருவார் என்று தோன்றுகிறது. வராது. முறைப்படி நியோடைப்பாக நியமித்தால்தான் உண்டு. பாராடைப்பை ‘உடன்சான்று’ என்று சொல்லலாம். பெயர் என்ற சொல்லை அதில் வேண்டுமென்றே விடுகிறேன். அகராதியில் ஐந்தையும் அடுத்தடுத்து வைத்தால் எது பெயரைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். இதுவும் பிடிக்காதவர்கள் ஹோலோடைப் என்றே எழுதட்டும். தவறான தமிழைவிட சரியான கடன் மேல்.

இந்தச் செய்திகளின் தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கண்டுபிடிப்பு’ என்கிறார்கள். வண்டு பெரும்பாலும் எங்கோ ஒரு பெட்டியில் பல ஆண்டாகப் பெயரில்லாமல் கிடந்திருக்கும். நடந்தது கண்டுபிடிப்பு இல்லை, விவரிப்பு: கண்ணருகே முள்மயிர் ஒன்றா இரண்டா, முன்மார்புத் தகடு நீளத்தைவிட எவ்வளவு அகலம், முன்சிறகில் எத்தனையாவது பள்ளக்கோட்டில் எத்தனை புள்ளி என்று அளந்து, ஆண்ட்ரூஸ் 1929இலும் 1935இலும் இந்தியத் தரை வண்டுகளைப் பற்றி வெளியிட்ட இரண்டு தொகுதிகளோடும் அருங்காட்சியகத்துப் பெயர்ச்சான்றுகளோடும் ஒப்பிட்டு எழுதுவது. ‘தரை வண்டு’ என்பதும் அரைகுறைதான். நம் நடவு வயலில் இலைச்சுருட்டுப் புழுவைத் தின்னும் ஓஃபியோனியா என்ற தரை வண்டு தரையில் இருப்பதைவிட நெல் தூரில் ஏறி, சுருண்ட இலைக்குள் நுழைந்து தேடுவதுதான் அதிகம். ஆனால் அந்தச் சொல் வேளாண் துண்டறிக்கைகளில் ஊறிவிட்டது. யாரையும் தவறான முடிவுக்குத் தள்ளுவதில்லை. விட்டுவிடலாம்.

விட முடியாதது ‘வகை இடம்’. பெயர்ச்சான்று கிடைத்த இடம் என்று நாலு சொல்லில் சொன்னால் குடி முழுகிவிடாது. இங்கேயும் சொல்லின் குழப்பம் வண்டோடு ஊசியில் குத்தும் விவரச் சீட்டுவரை வருகிறது. வகை வாழும் இடம்தானே என்று நினைத்து மாவட்டப் பெயரை மட்டும் எழுதி ஊசியில் குத்திவிடுகிறார்கள். தரங்கம்பாடி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அதன்பின் நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. சீட்டில் ஊர்ப்பெயர், அகலாங்கு நெட்டாங்கு, தேதி, பிடித்த முறை, பிடித்தவர் பெயர் இவ்வளவும் வேண்டும். அதற்குக் கீழே தனிப் பெயர்ச்சான்று என்று சிவப்புச் சீட்டு தனியாக. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி புதுச் சிற்றினம் கண்டவர் அதற்கென்று குறிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து உடலையும் ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவில் அதை வாங்கி வைப்பவர் படிக்கப்போவது இந்தச் சீட்டைத்தான்.