எக்ஸ்ரே அறைக்கு ஏ.இ.ஆர்.பி. உரிமம்: என்ன கேட்பார்கள், எங்கே சிக்கும்

கிளினிக்கில் எக்ஸ்ரே கருவி வைக்க மருத்துவ நிறுவனப் பதிவு மட்டும் போதாது. மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் வேண்டும். துறையில் எல்லோரும் ஏ.இ.ஆர்.பி. என்றுதான் சொல்வார்கள். 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட இந்த வாரியம்தான் கூடங்குளம் அணுஉலையின் பாதுகாப்பையும் பார்க்கிறது, தெருமுனைப் பல் டாக்டரின் சிறு எக்ஸ்ரேயையும் பார்க்கிறது. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின்கீழ் 2004-ல் வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில்தான் உரிம முறை விரிவாக எழுதப்பட்டது.

சாதா எக்ஸ்ரே, சி.டி., மார்பகத்தைப் பார்க்கும் மேமோகிராம், தாடை முழுவதையும் எடுக்கும் ஓ.பி.ஜி., ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் நகரும் எக்ஸ்ரேயான சி-ஆர்ம், இதய ரத்தக்குழாய்களைப் பார்க்கும் கேத் லேப், எலும்பு அடர்த்தி பார்க்கும் கருவி எல்லாம் இதில் அடங்கும். அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் அடங்காது, ஏனென்றால் அவற்றில் எக்ஸ் கதிர் இல்லை. அல்ட்ராசவுண்டுக்குக் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் தனிப் பதிவு உண்டு. அந்தச் சான்றிதழை மாட்டிவிட்டு எக்ஸ்ரேக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போதாது.

விண்ணப்பம் முழுக்க ஏ.இ.ஆர்.பி.யின் 'இ-லோரா' இணையதளம் வழியாகத்தான். இங்கே வரிசை முக்கியம். முதலில் நிறுவனத்தைப் பதிய வேண்டும், பிறகு ரேடியோகிராபர்களை. அடுத்தது கருவி வாங்குவதற்கான அனுமதி. ஏ.இ.ஆர்.பி. வகை ஒப்புதல் கொடுத்த மாடலைத்தான் வாங்கலாம். கருவி வந்து பொருத்தியதும் தரப் பரிசோதனை நடக்கும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரையும், அதாவது ஆர்.எஸ்.ஓ.வையும், நியமித்துக் காட்ட வேண்டும். தகுதி இருந்தால் அங்கே வேலை பார்ப்பவரே ஆர்.எஸ்.ஓ. ஆகலாம். எல்லாம் சேர்ந்தால் உரிமம் 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். இது கருவியோடு கைமாறாது. பழைய கருவியை விலைக்கு வாங்கினாலும், இருக்கும் கருவியை வேறு கட்டிடத்துக்கு மாற்றினாலும் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பாதிப் பேருக்குச் சிக்கல் அறையில்தான் வரும். கருவியை முதலில் வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் அறைக்குள் அதை நுழைக்கப் பார்ப்பார்கள். சிதறல் கதிர், அதாவது நோயாளி மேல் பட்டுச் சிதறும் கதிர், படும் சுவருக்கு 23 செ.மீ. செங்கல், அதாவது 9 அங்குலச் சுவர் வேண்டும். கதிர்க்கற்றை நேராகப் பாயும் சுவருக்கு, குறிப்பாக மார்பு எக்ஸ்ரே ஸ்டாண்டுக்குப் பின்னால், 35 செ.மீ. வரை எதிர்பார்ப்பார்கள். ஜிப்சம் பலகைத் தடுப்பு எதற்கும் உதவாது. மரக்கதவுக்குள் ஈயத்தகடு இருக்க வேண்டும். அந்தத் தகடு நிலைச்சட்டத்தின் மேலும் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு மூடியிருந்தாலும் இடுக்கு வழியாகக் கதிர் கசியும். கருவியின் மின்னழுத்தம் 125 கிலோவோல்ட்டோ அதற்கு மேலோ போகுமானால் கன்ட்ரோல் பேனல் தனி அறையில் இருக்க வேண்டும். அதற்குக் குறைவென்றால் அதே அறையில் வைக்கலாம், ஆனால் கருவியிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, ஈயத் தடுப்புக்குப் பின்னால். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கும், கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லும் அறிவிப்பும் தேவை. அறிவிப்பு நோயாளிக்குப் புரியும் மொழியில் இருந்தால்தான் பயன்.

உரிமம் வந்த பிறகும் 2 ஆண்டுக்கு ஒருமுறை தரப் பரிசோதனை உண்டு. கருவியின் விளக்கு வெளிச்சம் காட்டும் இடத்திலேயே கதிரும் விழுகிறதா, செட் செய்த கிலோவோல்ட் உண்மையில் வருகிறதா, கதிரை உண்டாக்கும் டியூபின் உறையிலிருந்து கசிவு எவ்வளவு என்று அளப்பார்கள். முதலாவது தவறினால் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுத் திரும்ப எடுக்க நேரும். நோயாளிக்கு இரண்டு மடங்கு கதிர்.

ஊழியர் உடல் வாங்கும் கதிருக்கு வரம்பு ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு). அடுத்தடுத்த 5 ஆண்டில் 100-ஐத் தாண்டக் கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. கர்ப்பத்தைத் தெரிவித்த ஊழியருக்கு, மீதி மாதங்களில் கருவுக்கு 1. நோயாளிக்கு மட்டும் வரம்பு கிடையாது. அந்த எக்ஸ்ரே தேவையா என்பதை டாக்டர்தான் நியாயப்படுத்த வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்திருப்பது ஒவ்வொரு ஊழியரும் அணியும் டி.எல்.டி. பேட்ஜ், அதாவது வாங்கிய கதிரைப் பதியும் சிறு அட்டை. டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் 3 அதற்குள் இருக்கும். ஒன்றின் மேல் உலோக வடிகட்டி, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. ஆய்வகத்தில் சூடாக்கினால் வாங்கிய அளவுக்கு ஒளிரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். பேட்ஜ் யாரையும் காப்பாற்றாது, பதிவு மட்டுமே செய்யும். மார்பு மட்டத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். அளவு தாறுமாறாக வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பேட்ஜ் எங்கே தொங்கியது என்பதுதான். எக்ஸ்ரே அறை ஆணியில் விட்டுப் போனது, ஏப்ரனுக்கு வெளியே குத்தியது, தனக்கே எக்ஸ்ரே எடுக்கும்போது கழற்றாதது, நண்பருடையதை மாற்றி அணிந்தது என்று காரணங்கள் வரிசையாக வரும். கன்ட்ரோல் பேட்ஜ் ஒன்றும் கூடவே வரும். அதைக் கதிர் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் மற்ற பேட்ஜுகளின் அளவிலிருந்து அதன் அளவைத்தான் கழிப்பார்கள். கன்ட்ரோலும் எக்ஸ்ரே அறையிலேயே கிடந்தால், எல்லோருடைய அளவும் குறைவாகத் தெரியும். இது அதிக அளவு காட்டுவதை விட ஆபத்தானது.

ஏப்ரனை மடித்து வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈயப் படலம் மடிப்பில் விரிசல் விடும், வெளியே துணி நன்றாகவே இருக்கும். ஹேங்கரில் மாட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூரோஸ்கோபியில் (எக்ஸ்ரேயைத் திரையில் நேரடியாகக் காட்டும் கருவி) பாருங்கள்.

கருவியைக் கழிக்கும்போதும் இ-லோராவில் தெரிவிக்க வேண்டும். 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைக்குப் போய் ஒருவரின் உயிரைப் பறித்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். எக்ஸ்ரே கருவியில் அப்படிப்பட்ட கதிரியக்கப் பொருள் கிடையாது, மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். ஆனாலும் அப்படியே எடைக்குப் போட்டால் யாராவது உரிமம் இல்லாமல் மறுபடி ஓட்டலாம். அதனால் டியூபை இயங்காதபடி செய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதன் உறைக்குள் ஈயமும் எண்ணெயும் இருப்பதால் சாதாக் குப்பையோடும் போடக் கூடாது.