மூச்சுத்திணறலுக்கு நடுவே மடங்கிய விரல்கள்

ஐப்பசி அடைமழை நாள். வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவரை இரவு ஒன்பது மணிக்குக் கூட்டிவந்தார்கள். ஆறு நாளாகக் காய்ச்சல், இருமல். இரண்டு நாளாக மூச்சு இரைப்பு. விரலில் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் 86. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளைத் திட்டுகள். மறுநாள் வந்த சளிப் பரிசோதனை முடிவு இன்ஃபுளுயென்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ் என்றது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆக்சிஜன் வைத்ததும் அளவு 94-க்கு ஏறியது. அரை மணி கழித்து சிஸ்டர் வேகமாக வந்தார். "சார், பிபி பார்க்கறப்ப அந்தம்மா கை மடங்குது. பட்டையை எடுத்தா சரியாகுது. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

போய் நானே பட்டையை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து விரலும் கூம்பி, சோற்றைப் பிசைந்து கவளம் எடுக்கிற கைபோல மணிக்கட்டோடு மடங்கி நின்றது. ரத்தத்தில் கால்சியம் நன்றாக இறங்கிவிட்டால் தெரியும் அடையாளம் இது.

"வாயைச் சுத்திக் குறுகுறுன்னு இருக்காம்மா?"

"ரெண்டு நாளா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குய்யா. காய்ச்சலுக்கு அப்படித்தான் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்."

கழுத்தில் சுற்றியிருந்த துண்டை விலக்கினோம். தாலிக்கயிற்றுக்குக் கொஞ்சம் மேலே, மெல்லிய கோடாக ஒரு பழைய தழும்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு தைராய்டை எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் கால்சியம் மாத்திரை. "காய்ச்சல் மாத்திரையோட அதையும் போட்டா உடம்புக்குச் சூடுன்னு நாங்கதான் நிறுத்தி வச்சோம் டாக்டர்" என்றார் மருமகள். சர்க்கரை உண்டா, பிபி உண்டா என்று வந்த உடனே கேட்ட நான், ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அன்றைக்குப் பிறகு நான் விட்டதே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 5.9. இருக்க வேண்டியது சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில். ஈசிஜியில், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டிருந்தது. அது அளவுமீறி நீண்டால் துடிப்பு தறிகெட்டு ஓடத் தொடங்கும். போதாக்குறைக்கு, ஊர் மருந்துக்கடையில் வாங்கி மூன்று நாளாக அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வேறு சாப்பிட்டிருந்தார். அந்த மாத்திரையும் இதே நேரத்தை நீட்டக்கூடியது. வைரஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சுண்ணாம்புச் சத்து என்றால் நமக்கு எலும்பும் பல்லும்தான் நினைவுக்கு வரும். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் அங்கேதான் இருக்கிறது என்பது உண்மை. மீதி ஒரு சதவீதத்தில்தான் இதயம் சுருங்குவது, நரம்பு சேதி கடத்துவது, ரத்தம் உறைவது எல்லாமே நடக்கிறது. அந்த அளவு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்பவை தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். பச்சரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியவை. தைராய்டை எடுக்கும்போது சிலருக்கு இவையும் சேதமாகிவிடும். அவர்களுக்குக் கால்சியம் மாத்திரையும், வைட்டமின் டியின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலும் சத்துக்காகக் கொடுப்பவை அல்ல. போன சுரப்பியின் வேலையை அவைதான் செய்கின்றன. காய்ச்சல் வந்தாலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் ஒரு வேளைகூட விடக்கூடாது. விழுங்க முடியாமல் வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

சுரப்பி நன்றாக இருப்பவர்களுக்கும் கடுமையான நுரையீரல் தொற்றில் கால்சியம் இறங்குவதுண்டு. 2003-இல் சார்ஸ் பரவியபோது டொராண்டோ மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது சீனாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அதே செய்தி வந்தது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கால்சியம் குறைவு, நோய் முற்றியவர்களுக்கு இன்னும் குறைவு. இங்கே பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். கால்சியம் குறைந்ததால்தான் நோய் முற்றியது என்று எண்ணி மாத்திரைகளை அட்டை அட்டையாக வாங்கினார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் நோய் முற்றியதுதான் முதலில். உடல் முழுக்க அழற்சி ஓடும்போது சுரப்பி சரியாக ஈடுகொடுப்பதில்லை, ஏற்கெனவே இருந்த வைட்டமின் டி குறைவு அப்போது வெளியே தெரிகிறது, சிறுநீரகம் தளர்கிறது, மக்னீசியம் இறங்குகிறது.

மக்னீசியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது குறைந்தால் பாராதைராய்டு வேலை செய்யாது. எவ்வளவு கால்சியம் ஏற்றினாலும் நிற்காது. 'கேஸ் மாத்திரை' என்று வெறும் வயிற்றில் வருடக்கணக்காகப் போடுகிறார்களே, அந்த ஒமெப்ரசோல், பான்டப்ரசோல் வகை மாத்திரைகள் சிலருக்கு மக்னீசியத்தைக் குறைத்துவிடும். வாடிப்பட்டி அம்மாவும் நான்கு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் மக்னீசியம் குறைவாகத்தான் இருந்தது.

இனி, பரிசோதனைத் தாளில் வரும் கால்சியம் எண்ணை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். செல்லூரில் தறி வேலை பார்த்த எழுபது வயதுப் பெரியவர், கொரோனா நிமோனியாவோடு படுத்திருந்தார். அவர் மகன் தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு உடனே போனில் வந்தார். "கால்சியம் 7.4-ன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு சார். ஊசி வாங்கிட்டு வரவா?"

வேண்டாம் என்றேன். ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய பாதி, அல்புமின் என்ற புரதம் முதலானவற்றோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. ஒட்டாமல் தனியாக இருக்கும் மறுபாதிதான் வேலை செய்கிறது. கடும் நோயில் அல்புமின் இறங்கும்போது, ஒட்டிய பாதி குறைந்து, மொத்த எண்ணும் குறைந்துபோகிறது. பெரியவரின் அல்புமின் 2.1. நான்கிலிருந்து அதைக் கழித்து, வருவதை 0.8-ஆல் பெருக்கி, தாளில் உள்ள எண்ணோடு கூட்டினால் 8.9. அதாவது குறைவே இல்லை. இந்தக் கணக்கும் ஒரு மதிப்பீடுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு, ஒட்டாமல் இருக்கும் அந்தப் பாதியை, அதாவது அயனைஸ்டு கால்சியத்தை நேராக அளந்து பார்ப்பதே நம்பகமானது. லிட்டருக்குச் சுமார் 1.1 முதல் 1.3 மில்லிமோல் இருக்க வேண்டும்.

அந்த அளவும் மூச்சோடு சேர்ந்து மாறும். மூச்சு வாங்கும் நோயாளி வேகவேகமாக இழுத்து விடும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடைகிறது. அப்போது அல்புமின் இன்னும் கொஞ்சம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மொத்த எண் மாறாமலே கை மரத்து, உதடு குறுகுறுக்கும். மூச்சு சீரானால் இதுவும் சரியாகும்.

இன்னொன்று, ரத்தம் எடுக்கிறவர்களுக்கு. ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈடிடிஏ, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொட்டாசியம் உப்பு. அதில் எடுத்த ரத்தத்தைத் தவறியும் மற்றக் குழாயில் ஊற்றக் கூடாது. எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குக் கால்சியம் 4, பொட்டாசியம் 8 என்று ஒருமுறை முடிவு வந்தது. மறுபடி எடுத்த ரத்தத்தில் இரண்டும் சரியாக இருந்தன. முதல் தாளை நம்பி ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

உண்மையிலேயே குறைந்து, கையும் இழுத்து, ஈசிஜியும் மாறியிருந்தால் தாமதிக்க முடியாது. வாடிப்பட்டி அம்மாவுக்கு 10 சதவீதக் கால்சியம் குளுகோனேட் 10 மில்லியை, மானிட்டரைப் பார்த்தபடியே பத்து நிமிடம் மெதுவாகச் செலுத்தினோம். பிறகு சொட்டுச் சொட்டாக. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்த குழாயில் அதைக் கலக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் உப்பாகப் படியும் என்பதால் வேறு கையில் ஊசி ஏற்றினோம். மக்னீசியம் கொடுத்தோம், அஸித்ரோமைசினை நிறுத்தினோம். விடியும்போது வாயோரக் குறுகுறுப்பு போயிருந்தது. நுரையீரல் தேற இன்னும் ஒன்பது நாள் ஆனது.

எதிர்த் திசையிலும் ஆபத்து இருக்கிறது. வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டியைத் தினம் ஒன்றாக இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களைக் கொரோனாவுக்குப் பின் பார்த்தேன். கால்சியம் எகிறி, தாகம், மலச்சிக்கல், ஓயாமல் சிறுநீர், குழப்பமான பேச்சு. ஒருவருக்குச் சிறுநீரகம் தேற மாதங்கள் ஆயின. கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் இப்படிச் செய்வதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மூச்சுத் திணறுகிறவருக்கு, கை இழுக்கிறவருக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், நிறுத்தி வைத்ததையும் சேர்த்து.

அடுத்த ஐப்பசியில் அந்த அம்மா வந்தார். காய்ச்சலுக்கு அல்ல, ஃப்ளூ தடுப்பூசிக்கு. கால்சியம் 8.3 இருந்தது. "இன்னும் கொஞ்சம் ஏத்திவிட்டா நல்லதில்லையா?" என்று கேட்டார் மருமகள். சுரப்பி இல்லாதவர்களுக்கு அளவை ஏற்றினால் கால்சியம் சிறுநீரில் இறங்கிக் கல்லாகும், அதனால் இந்த அளவே போதும் என்றேன். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை நேரத்தை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார் மருமகள். அந்த அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார்.