பேதி நிற்க மாத்திரை கேட்கும் முன்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு. கோடையில் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர்தான். அந்த மாதங்களில் எங்கள் மருந்துக்கடைக்கு அதிகம் வரும் கேள்வி இது: "வயித்தால போகுதுங்க, நிக்கிற மாத்திரை ஒண்ணு குடுங்க."

உடனே எடுத்துக் கொடுக்க மாட்டேன். யாருக்கு, காய்ச்சல் அடிக்கிறதா, மலத்தோடு ரத்தம் போகிறதா என்று கேட்பேன். வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளித்தாலும் சரி, இதைக் கேட்காமல் கொடுப்பது தவறு.

அவர்கள் கேட்பது லோபரமைடு. அது கிருமியைக் கொல்லாது. குடலின் அசைவை மெதுவாக்கும், அவ்வளவுதான். சாதாரணப் பேதியில் பெரியவர்களுக்கு அது உதவும். ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால், வெளியேற வேண்டிய கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கிவிடும்; குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு தொடங்கும் பேதிக்கும் டாக்டரைக் கேட்காமல் இதைப் போடக் கூடாது.

ஒருமுறை ஒரு பாட்டி, மகன் சாப்பிட்டு மிச்சம் வைத்த அட்டையை மேசைமேல் வைத்தார். "பேரனுக்கு ஒன்றரை வயசுங்க. பாதியா உடைச்சுக் குடுத்தாப் போதுமில்லீங்களா?"

"வேண்டாங்கம்மா, ஒரு துணுக்குகூடக் குடுக்காதீங்க" என்றேன். 2 வயதுக்குள் இந்த மருந்து கூடவே கூடாது. குடல் அசைவு நின்றுபோகலாம், மூச்சு மந்தமாகலாம். 12 வயது வரை டாக்டர் சொல்லாமல் தர வேண்டாம். குழந்தைக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல், கூடவே டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மருந்து.

ஓ.ஆர்.எஸ். கரைப்பதிலும் தவறு நடக்கிறது. பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு உரியது. அதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிஞ்சிவிடும், குழந்தைக்கு அது கெடுதல். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. அந்த டப்பாக்கள் இதற்கு மாற்றாகாது.

பெரியவர்களுக்கு லோபரமைடு அளவு: முதலில் 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, அப்புறம் தண்ணியாகப் போகும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று. டாக்டர் சொல்லாமல் ஒரு நாளில் 8 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. "நிக்கலையே" என்று அடுக்கடுக்காக விழுங்கினால் இதயத் துடிப்பே தடம் புரளும். பூஞ்சைக்கான சில மாத்திரைகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் இந்த மருந்தை உடம்பில் கூட்டிவிடும், அதனால் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். தூக்கம் வரலாம், வண்டி ஓட்டுவோர் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் பேதி கண்ட அன்றே டாக்டரிடம் பேசுங்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகளில் சில சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2 நாளில் நிற்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.