நேஷன் என்றால் நாடா, தேசமா?

திருப்பத்தூர் பக்கம் ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. மூன்றும் ஊராட்சிகள். சிரிக்க வேண்டாம், ‘நாடு’ என்ற சொல்லின் பழைய அளவே அதுதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் பல ஊர்கள் சேர்ந்தது நாடு. தொண்டை மண்டலத்தில் அதற்கும் பெரிய பிரிவு கோட்டம். வேலூர் வட்டாரம் படுவூர்க் கோட்டத்தில் இருந்தது. நாட்டுக்கோழியில் இருக்கும் ‘நாடு’கூட ‘நம்ம பக்கத்தது’ என்னும் அந்தச் சின்ன நாடுதான்.

‘தேசம்’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கும் இடம், பகுதி என்றே பொருள். சங்கப் புலவர்கள் அதைத் ‘தேஎம்’ ஆக்கிக்கொண்டார்கள். வடுகர் நிலத்துக்கும் அப்பால், ‘மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்’ தலைவனைத் தேடிப் போகலாம் என்கிறாள் குறுந்தொகைத் தலைவி (பாடல் 11). மொழி மாறுகிற நிலம் அது. அடுத்த அடியிலேயே ‘நாட்டே’ என்றும் வருகிறது. ஆக இரண்டு சொல்லுமே மண்ணைச் சுட்டியவை.

‘நேஷன்’ அப்படியில்லை. அதன் லத்தீன் வேருக்குப் ‘பிறத்தல்’ என்று பொருள். ஒரே இடத்தில் பிறந்து வந்த கூட்டம் நேஷன். இடைக்காலப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஊர்ப்பக்கம் பார்த்துப் பிரித்த குழுக்களுக்கு இதுதான் பெயர். 1789 பிரெஞ்சுப் புரட்சி அதைத் தூக்கி நிறுத்தியது: இறையாண்மை மன்னனிடம் இல்லை, நேஷனிடம் இருக்கிறது என்று அறிவித்தார்கள். சொல் மண்ணை விட்டு மக்களுக்கு வந்துவிட்டது. தமிழில் தடுமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, மக்கள் கூட்டம் எப்போது நேஷன் ஆகிறது? ஒரே மொழி போதும் என்றால், நான்கு தேசிய மொழிகள் உள்ள சுவிட்சர்லாந்தை என்ன செய்வது? ஒரே அரசு போதுமா? அதுவும் இல்லை. விரிஞ்சிபுரம் கோயிலில் விஜயநகரக் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. படைவீட்டு ராஜ்யத்துக் கன்னட, தமிழ், தெலுங்கு, லாட (குஜராத் பக்கத்து) பிராமணர்கள் கூடி, பெண்ணுக்குப் பொன் வாங்கிக் கல்யாணம் செய்வதில்லை என்று ஒப்பந்தம் எழுதியது. ராஜ்யம் ஒன்றுதான், ஆனால் ஒப்பந்தம் சாதிக்குள்தான். பொதுவான நினைவும், சேர்ந்து வாழும் விருப்பமும், சிலவற்றை மறப்பதும் வேண்டும் என்று 1882-இல் பாரிஸில் உரையாற்றிய பிரெஞ்சு அறிஞர் ரெனான் சொன்னார். எனக்கு இதில் மறதி பற்றிய பகுதிதான் பிடித்தது.

வேலூர்க்காரர்களுக்கு 1806-ஐச் சொல்லாமல் முடியாது. கம்பெனிப் படையில் புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குத் தடை எல்லாம் சேர்ந்து ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினான். முதல் விடுதலைப் போர் என்கிறோம். தப்பில்லை. ஆனால் அவர்கள் ஏற்றியது திப்புவின் மைசூர்க் கொடி. வெள்ளையனை எதிர்க்கத் துணிவு இருந்தது. எதிர்த்து நிற்கும் ‘நாம்’ யார் என்பதற்கு ஒரு அரச வம்சத்தைத் தவிர வேறு பெயர் அவர்களிடம் இல்லை. வீரம் குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. முகம் தெரியாத லட்சம் பேரை ‘நம்மவர்’ என்று நினைக்க வைக்கும் சாதனங்கள் அப்போது இல்லை.

அவை பின்னால் வந்தன. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. ரெனான் பேசிய அதே 1882-இல் சுதேசமித்திரன் என்ற தமிழ்ப் பத்திரிகை தொடங்கியது. ரயில், பத்திரிகை, பள்ளிக்கூடம், அப்புறம் எல்லோருக்கும் பொதுவான ஒரு எதிராளி. தேசியம் இவற்றிலிருந்து எழுந்தது.

இனி எதை எதற்கு எழுதலாம்? நிலப்பரப்பைச் சொன்னால் நாடு. ஆளும் அமைப்பு அரசு. மக்களைச் சொன்னால் தேசம். அரசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன்னைத் தனி மக்களாக உணரும் கூட்டம் தேசிய இனம். இதற்கு ‘நாட்டினம்’ என்றும் எழுதிப் பார்த்தார்கள், அழகான சொல், ஆனால் பரவவில்லை. அந்த உணர்வை அரசியலாக்குவது தேசியம். இதை நாட்டுப்பற்று என்று எழுதக் கூடாது, பற்று அரசியல் கோரிக்கை இல்லாமலும் இருக்கும். விண்ணப்பப் படிவத்தில் ‘நேஷனாலிட்டி’ என்ற கட்டம் வந்தால் மட்டும் தேசிய இனத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம். அங்கே கேட்பது எந்த நாட்டுக் குடிமகன் என்பதை, ‘இந்தியர்’ என்று எழுதினால் போதும்.