சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் மட்டும் ஒன்றுமே வராது. "மதர்போர்டு டெட்" என்று சொல்லித்தான் பலரும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருக்கும், வாங்கிய பாகங்கள்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போயிருக்காது. ரிட்டர்ன் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ப்ராசஸர். அது போர்டில் உட்காரும் இடம்தான் சாக்கெட். சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக வேலை செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். எல்ஜிஏ 1151-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும் இதே சாக்கெட்தான், எட்டு, ஒன்பதுக்கும் இதே பெயர்தான், ஆனால் எட்டாம் தலைமுறை ப்ராசஸர், ஆறாம் தலைமுறையோடு வந்த இசட்170 போர்டுக்கு ஆகாது. ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட்டில் பிரச்சினை பெரும்பாலும் பயாஸில், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேரில். 2018-இல் வந்த பி450 போர்டுக்கு, 2020 கடைசியில் வந்த ரைசன் 5000 வரிசை ப்ராசஸர் யாரென்றே தெரியாது, பயாஸ் அப்டேட் செய்தால்தான் ஏற்றுக்கொள்ளும். பி660 போர்டில் 13-ஆம் தலைமுறை இன்டெலைப் போட்டாலும் இதே கதைதான். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ப்ராசஸர் பட்டியல் இருக்கும், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்பதும் பக்கத்திலேயே இருக்கும். வாங்கும் முன்பே அதைப் பாருங்கள், தயவுசெய்து.

வாங்கியாச்சு, இப்போது என்ன செய்வது? போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயாஸ் அப்டேட் செய்வதற்காகப் பழைய ப்ராசஸரை யாரிடமும் கடன் கேட்க வேண்டாம். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, போர்டு கம்பெனியின் இணையதளத்திலிருந்து இறக்கிய பயாஸ் ஃபைலை அதில் போட்டு, மேனுவலில் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகி, பவர் சப்ளையை ஆன் செய்து பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். லைட் மினுக்க ஆரம்பிக்கும். அது நிற்கும்வரை கரண்டை நிறுத்தவே கூடாது, பாதியில் நின்றால் அதன்பின் போர்டு உண்மையிலேயே கிளம்பாமல் போகலாம்.

அப்புறம் ராம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்தான், ஆனால் ராமின் அடியில் வெட்டு இருக்கும் இடம் வேறு. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டுகள் இரண்டு வகையிலும் வருகின்றன, அதனால் மாடல் பெயரை முழுதாகப் படியுங்கள். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ராம் இரண்டு இருந்தால் வழக்கமாக ப்ராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டு முதல் முறை ஆன் ஆகும்போது டிடிஆர்5 ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். இந்த நேரத்தில்தான் பலர் பயந்துபோய் ஆஃப் செய்துவிடுகிறார்கள்.

இன்டெல் ப்ராசஸர் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐ-யில் படம் வராது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளை ப்ராசஸர் பவர் இடத்தில் திணிக்கவே வேண்டாம், 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் இடம் மாறி இருக்கும்.

பல போர்டுகளில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு குட்டி லைட் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் போர்டைக் கேஸிலிருந்து எடுத்து அதன் அட்டைப் பெட்டிமேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், தேவைப்பட்டால் கிராபிக்ஸ் கார்டு, இவற்றோடு மட்டும் ஆன் செய்யுங்கள். வெளியே ஓடி, கேஸுக்குள் ஓடவில்லையா? போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டி உலோகத் தூண்) ஒன்று முட்டிக்கொண்டிருக்கலாம், கழற்றிவிடுங்கள்.