வீட்டுத் தரைக்கு அடியில் விளைந்த வெடியுப்பு

ஜப்பானின் டொயாமா பகுதியில், ஷோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொகயாமா ஊர்கள் இருக்கின்றன. சரிவுகள் செங்குத்தானவை, நெல்லுக்குச் சமநிலம் அரிது. குளிர்காலத்தில் ஆளுயரத்துக்கும் மேல் பனி கொட்டும். எடோ காலத்தில் (1603–1868) இந்த மக்களைக் காத்தவை பட்டு, கையால் செய்த காகிதம், வெடியுப்பு ஆகிய மூன்றும்தான். வெடிமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. இப்பகுதியை ஆண்ட காகா சிற்றரசு அதை இவர்களிடமிருந்தே பெற்றது. சுரங்கத்தில் தோண்டி எடுத்ததல்ல அது; வீட்டுக்குள்ளேயே பயிர்போல வளர்த்தார்கள்.

கூடத்து அடுப்புக்குப் பக்கத்தில் தரைப்பலகையைப் பெயர்த்து, சுமார் 2 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுவார்கள். அடியில் குதிரைவாலித் தட்டை, அதன்மேல் பட்டுப்புழு எச்சம் கலந்த மண், அதற்கும் மேல் மலைச்சரிவில் அறுத்த மாசிபத்திரி போன்ற செடிகள். இதே வரிசையில் குழி நிறையும்வரை அடுக்குவார்கள். பிறகு ஆண்டுதோறும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என மூன்று முறை மண்ணைக் கிளறிப் புது எச்சமும் தழையும் சேர்ப்பார்கள். முதல் அறுவடைக்கு 4, 5 ஆண்டு ஆகும்.

குழிக்குள் வேலை செய்பவை பாக்டீரியாக்கள். எச்சத்திலுள்ள நைட்ரஜன் அழுகி அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை வெடியுப்புக்கு மூலமான நைட்ரேட்டாகவும் மாற்றும். இது உயிர்களின் வேலை என்று ஐரோப்பிய அறிவியல் காட்டியது 1877-ல்தான். இந்த பாக்டீரியாக்களுக்குக் காற்று வேண்டும்; கிளறுவது அதற்காகத்தான். மண் சொதசொதவென்று ஈரமானால் காற்று போகாது. அப்போது வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையே பிரித்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றிவிடும், ஆண்டுக்கணக்கான உழைப்பு வீண். கடுங்குளிரிலும் வேலை நின்றுபோகும். குழி அடுப்பை ஒட்டி இருந்ததன் அருமை இங்கேதான் புரிகிறது. கூரை மழையைத் தடுத்ததால் நைட்ரேட் கரைந்து ஓடவில்லை, அடுப்புச் சூடு மண்ணை உறையவிடவில்லை.

பதம் வந்த மண்ணைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டும் சாற்றைப் பிடிப்பார்கள். அதைச் சுண்டக் காய்ச்சி விறகுச் சாம்பல் சேர்ப்பார்கள். இதுதான் நுட்பமான கட்டம். சாற்றில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், துப்பாக்கிக்கு உதவாது. சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட், கால்சியத்தைச் சுண்ணாம்பாக வீழ்த்தும். வெண்மையாகக் கலங்கி அடியில் படியும் அதைத் துணியில் வடிகட்டினால், தெளிந்த நீரில் பொட்டாசியம் நைட்ரேட் மிஞ்சும். கொதிக்கும்போது 100 மில்லி நீரில் இது 240 கிராமுக்கும் மேல் கரையும்; 0 டிகிரியில் சுமார் 13 கிராம்தான். ஆறவிட்டாலே படிகங்கள் நீளநீளமாக இறங்கும். சாற்றில் கலந்திருக்கும் சமையல் உப்பின் கரைதிறன் சூட்டுக்கு அவ்வளவாக மாறாது, ஆகவே அது நீரிலேயே தங்கிவிடும். மறுபடி கரைத்துக் காய்ச்சக் காய்ச்சத் தூய்மை கூடும். சாறு எடுத்த மண் குழிக்கே திரும்பும். அது அடுத்த விளைச்சலுக்கு உறை மோர் மாதிரி.

காய்ச்சுவதற்கும் சாம்பலுக்கும் காடுதான் ஆதாரம், விறகு ஏராளமாகச் செலவாகும். ஆனாலும் எல்லா மரத்திலும் கோடரி விழவில்லை. ஐனொகுரா ஊருக்கு நேர் மேலே உள்ள சரிவுக் காட்டில் மரம் வெட்டத் தடை இருந்தது. பனிச்சரிவைத் தாங்கி நிறுத்துவது அந்த மரங்கள்தான் என்பது ஊருக்குத் தெரியும். மெய்ஜி காலத்தில் (1868–1912) மலிவான சிலி நாட்டு நைட்ரேட் உப்பு வந்து வெடியுப்புத் தொழில் அற்றுப்போனது. அந்தக் காடு இன்றும் ஊருக்கு மேலே நிற்கிறது.