அச்சம் வடிய நாளாகும்: தத்தெடுத்த நாயின் உடலுக்குள் நடப்பது

காப்பகத்திலிருந்து அழைத்துவந்த நாய் முதல் இரண்டு நாள் குரைக்காமல், எதையும் கடிக்காமல் மூலையில் சுருண்டு கிடந்தால், 'எவ்வளவு சாது!' என்று வீட்டார் பூரித்துப்போவதுண்டு. மூன்றாம் வாரம் அதே நாய் வாசல் மணிக்கு ஓயாமல் குரைக்கும். சாப்பாட்டுத் தட்டருகே யாராவது வந்தால் உறுமும். 'நாய் மாறிவிட்டது' என்று சொல்லித் திருப்பிக் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மனதை வருத்தும் முடிவு அது, ஏனென்றால் நாய் மாறவே இல்லை. முதலில் பார்த்தது பயத்தில் உறைந்துபோன உடலை. உறைவு நீங்கிய பிறகுதான் அதன் இயல்பு வெளியே வருகிறது.

மிரட்சி வந்ததும் நாயின் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்புகிறது. அது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அட்ரினலின் தரும் படபடப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடும். கார்ட்டிசால் வடிவதற்கு மணிக்கணக்கில் ஆகும். அது வடிவதற்குள் அடுத்த மிரட்சி வந்தால் முந்தையதன் மேல் ஏறிக்கொள்ளும். காலையில் கார் பயணம், மதியம் குளியல், மாலையில் பார்க்க வந்த உறவினர் கூட்டம் என்று போன நாளில், இரவு ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தத்துக்கு நாய் பாய்ந்து கடித்தால், கடித்தது கரண்டிக்காக மட்டுமல்ல. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகத்துக்கு வந்து முதல் மூன்று நாட்களே ஆன நாய்களின் இரத்தத்தில், அங்கே பல நாள் இருந்தவற்றைவிடக் கார்ட்டிசால் கூடுதலாக இருந்தது. இடம் மாறுவதே உடலுக்குப் பெரிய அடி. வீடு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், நாய்க்கு அது இன்னோர் இடமாற்றம்தான்.

ஆகவே முதல் வாரத்தில் தர வேண்டியது கொஞ்சல் அல்ல, ஒழுங்கு. ஒரே அறை, ஒரே படுக்கை, ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே வழியில் நடை. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடிகிற விலங்கின் உடல், எச்சரிக்கை நிலையிலிருந்து சீக்கிரம் இறங்கிவரும். படுக்கையைச் சுவரோரமாக, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் போடுங்கள். அங்கே படுத்திருக்கும்போது யாரும் தொடக் கூடாது, குழந்தைகள் நிச்சயமாகக் கூடாது. நாய் தானாக வந்து முகரட்டும். நீங்கள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தால் போதும். தொட வேண்டுமென்றால் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். நெருங்கி வந்தால் தொடரலாம். உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலோ, கண்ணின் வெள்ளை தெரியத் தலையைத் திருப்பினாலோ 'போதும்' என்கிறது. அவசரமில்லாத குளியலை முதல் வாரம் தள்ளிவையுங்கள். அழுக்கோடு ஒரு வாரம் இருப்பதால் நாய்க்கு நட்டமில்லை, பிடித்து அழுத்திக் குளிப்பாட்டினால் உங்கள் கைகள்மேல் வரும் பயம் போக மாதங்களாகும்.

நாய்கள் தப்பி ஓடுவதும் இந்த நாட்களில்தான் அதிகம். மிரண்ட நாய் முன்னே இழுப்பதில்லை, பின்வாங்கித் தலையைக் கழுத்துப்பட்டையிலிருந்து உருவிக்கொள்ளும். அதனால் கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் சரியானது. இழுத்தால் நீண்டு, விட்டால் பிடிக்குள் சுருண்டுகொள்ளும் சுருள் விசைக் கயிறு வேண்டாம்; பிடி கைநழுவி விழுந்தால் சடசடவென்று நாயைத் துரத்திக்கொண்டே போகும்.

உடம்பு நலிந்து வந்த நாயைப் பார்த்ததும் வயிறு நிறையப் போட வேண்டும் என்று மனம் துடிக்கும். பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். திடீரென மாவுச்சத்து சேர்ந்ததும் இன்சுலின் பாய்கிறது. இரத்தத்தில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் பாஸ்பரசையும் பொட்டாசியத்தையும் அது செல்களுக்குள் இழுத்துவிட, இதயமும் தசைகளும் தடுமாறுகின்றன. 10 கிலோ நாய்க்கு ஓய்வு நிலையில் ஒரு நாளைக்குச் சுமார் 390 கிலோகலோரி தேவை. எலும்பும் தோலுமாக இருந்தால், மருத்துவர் பார்வையில், முதல் நாள் அதில் கால் பங்கை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நான்கு நாளில் முழு அளவுக்குக் கொண்டுவருவது வழக்கமான முறை. பால் வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு லாக்டோஸை உடைக்கும் நொதி போதாது, வயிற்றுப்போக்கில் முடியும்.

குடற்புழு மருந்தை ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடுவது இன்னொரு தவறு. மருந்து பெரும்பாலும் குடலில் இருக்கும் புழுக்களைத்தான் கொல்லும். உடல் திசுக்களில் பயணத்திலிருக்கும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு லார்வாக்கள் (இளம்புழுக்கள்) பிறகு குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து மீண்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் உடலில் நுழைந்து அறிகுறி தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம் என்பதால், வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால் புதியதை 14 நாள் தனியே வையுங்கள். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் அதைவிடத் தாமதமாகவும் தலைகாட்டலாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று இல்லையென்றால் போடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இனி பயத்துக்கு வருவோம். குட்டி பிறந்து 3 முதல் 12 அல்லது 14 வாரம்வரையிலான காலத்தில் எதையெல்லாம் நல்லபடியாகச் சந்திக்கிறதோ, அதெல்லாம் 'ஆபத்தில்லாதது' என்று மூளையில் பதிகிறது. அந்த வயதில் மனிதக் கையையே அறியாத நாய்க்குப் பின்னாளில் கையை நீட்டுவதே மிரட்டல். அடி வாங்கியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பதிந்த பயத்தை அழிக்கவும் முடியாது. பயத்தைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் உள்ள பழைய பாடம் அப்படியே இருக்க, அதை அடக்கிவைக்கும் புதிய பாடத்தை மூளை மேலே எழுதுகிறது. ஆறு மாதம் நன்றாக இருந்த நாய் ஒருநாள் திடீரென்று துடைப்பத்தைக் கண்டு பதுங்குவதற்குக் காரணம் இதுதான்: பழைய பாடம் ஒரு கணம் மேலே எட்டிப் பார்க்கிறது. பயிற்சி வீணாகிவிட்டதென்று பொருளில்லை.

புதிய பாடத்தை எழுதும் முறையில் தூரமும் வரிசையும் முக்கியம். துடைப்பத்துக்கே பயமென்றால், நாய் அதைக் கவனித்தும் சாப்பிட மறுக்காத தூரத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அது ஐந்து மீட்டராகவும் இருக்கலாம். துடைப்பம் கண்ணில் படட்டும், ஒரு விநாடி கழித்துச் சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழித்துண்டு. துடைப்பம் மறைந்தால் கோழியும் நின்றுவிடும். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். பலர் சறுக்குவது வரிசையில்: முதலில் கோழியைக் காட்டி அழைத்துவந்து, அப்புறம் துடைப்பத்தை எடுக்கிறார்கள். அப்போது கோழி துடைப்பத்தை அறிவிக்கும் மணியாகிவிடுகிறது, நாய் கோழியைக் கண்டே பின்வாங்கத் தொடங்கும். தின்ன மறுத்தால் தூரம் போதவில்லை, பின்னே போங்கள்.

உறுமலுக்கு ஒருபோதும் தண்டிக்காதீர்கள். தண்டித்தால் போவது உறுமல் மட்டும். பயம் உள்ளேயே இருக்கும், அடுத்த முறை எச்சரிக்கையில்லாமல் கடி வரும்.

தனிமை வேறு விதமான சிக்கல். நீங்கள் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் ஊளையிடுவது, எச்சில் ஒழுக்குவது, கதவையே பிறாண்டுவது எல்லாம் பழிவாங்கலில்லை, பீதி. ஒரு பழைய கைபேசியின் கேமராவை வைத்து, எத்தனையாவது விநாடியில் பதற்றம் தொடங்குகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் பயிற்சி 20 விநாடியில் தொடங்க வேண்டும். நாய் அமைதியாக இருக்கும்போதே திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்க வேண்டும். இந்த வாரங்களில் யாராவது ஒருவர் உடன் இருக்க ஏற்பாடு தேவை. பீதியில் இருக்கும் நாயைக் கூண்டில் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் நடுவே பாசம் எப்போது வருகிறது? நாம் நினைப்பதைவிட வேகமாக. குழந்தைகளுக்கும் தாய்க்குமான பிணைப்பை அளக்க மேரி எயின்ஸ்வொர்த் உருவாக்கிய சோதனையை, 2001இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் காப்பக நாய்களிடம் நடத்தினார்கள். ஒருவர் வெறும் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் பழகியதிலேயே, அவரைப் பிரியும்போது தேடுவது, வந்ததும் ஓடிப்போய் ஒட்டுவது எல்லாம் அந்த நாய்களிடம் தெரிந்தது. வளர்ந்த நாய் புது மனிதரிடம் ஒட்டாது என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை. 2015இல் ஜப்பானில் நடந்த இன்னோர் ஆய்வு, நாயும் வளர்ப்பவரும் நீண்ட நேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டபோது இருவரின் சிறுநீரிலும் ஆக்சிடோசின் உயர்ந்ததைக் காட்டியது. தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்யும் ஹார்மோனும் அதுவே. ஆனால் அந்தப் பார்வையை நாய்தான் தொடங்க வேண்டும். பயந்த நாயின் முகத்தைக் கையால் பிடித்து உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாகவே படும்.

பாசம் ஒட்டிவிட்டதற்கு நல்ல அடையாளம், நாய் உங்கள் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பதன்று. நடைபயணத்தில் உங்களைவிட்டு நகர்ந்து ஒரு புதரை முகர்ந்துவிட்டு, திரும்பி ஒரு பார்வை பார்த்து, மறுபடி முகரப் போகும். நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில் உலகைத் துழாவுகிறது. சில நாய்களிடம் இது மூன்று வாரத்தில் வரும், சிலவற்றிடம் ஓராண்டு ஆகும்.

ஒழுங்காக இரண்டு மாதம் நடத்தியும் நாய் தின்னாமல், தூங்காமல், எந்நேரமும் பதுங்கியே இருந்தால் அது பயிற்சியின் எல்லையைத் தாண்டிய பதற்றம். நடத்தைச் சிகிச்சை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் வலி இருக்கிறதா என்று பார்ப்பார், ஏனென்றால் பல்வலியும் மூட்டுவலியும் பயமாகவே வெளிப்படும். ஃப்ளுவாக்ஸெடின் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் நாட்களில் பசி குறையலாம். பலன் தெரியவில்லையென்று இரண்டாம் வாரமே நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தும் நேரம் வரும்போதும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.